லைட் வாலட்டுக்கான பி2பி நெறிமுறை: பியர் சொல்லும் பொய்யும், சொல்லாமல் விடுவதும்

தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து இறுதியாண்டு மாணவர்கள் சிலர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. பிட்காயின் பாணியில், யூடிஎக்ஸ்ஓ கணக்கும் (இன்னும் செலவாகாத வெளியீடுகளை வைத்து இருப்பைக் கணக்கிடுவது) ப்ரூஃப் ஆஃப் வொர்க்கும் (கணினி உழைப்பைக் காட்டித்தான் பிளாக் சேர்க்க முடியும் என்ற விதி) வைத்துச் சொந்தமாக ஒரு செயின் கட்டியிருக்கிறார்கள். எல்லாப் பிளாக்கையும் வைத்துச் சரிபார்க்கும் ஃபுல் நோட் ஓடுகிறது. இப்போது 3 ஜிபி ரேம் உள்ள ஆண்ட்ராய்டு போனுக்கு, முழுச் செயினையும் இறக்காத லைட் கிளையண்ட் வேண்டும், நடுவில் நம்பிக்கை வைக்க வேண்டிய சர்வர் எதுவும் கூடாது. ப்ளூம் ஃபில்டர் (ஒரு பட்டியலில் இது இருக்கலாமா என்று சுருக்கமாகச் சொல்லும் பிட் வரிசை) போதுமா? எத்தனை பியர் (போன் இணைந்து பேசும் நோட்) வேண்டும்? மெட்ரோவில் போகும்போது சிங்க் அறுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதே, ஏன்?

தம்பிகளா, பைட்டை எப்படி மிச்சம் பிடிப்பது என்பதில் தொடங்கியிருக்கிறீர்கள். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் உங்கள் செய்தி வகைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இதை அனுப்பும் பியர் பொய் சொன்னால் பிடிபடுமா? ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தெரியவருமா? இதைக் கேட்பதாலேயே என்னைப் பற்றி அந்தப் பியருக்கு என்ன தெரிந்துபோகும்? பொய்யைப் பிடிக்க ஹெடரும் (பிளாக்கின் சுருக்கத் தலைப்பு) மெர்க்கிள் சான்றும் (ஒரு பரிவர்த்தனை அந்தப் பிளாக்கில் உண்டு என்று காட்டும் ஹாஷ்களின், அதாவது தரவின் கைரேகை எண்களின், வரிசை) போதும். மறைப்பதை ஒற்றைப் பியரிடம் பேசிப் பிடிக்கவே முடியாது. எட்டிப் பார்ப்பதோ நடந்து முடிந்த பிறகுகூடத் தெரியாது. அதனால் நெறிமுறையில் உழைப்பு போக வேண்டிய இடம் பின்னிரண்டும்தான்.

ஹெடரிலிருந்து வருவோம். பிட்காயின் ஹெடர் 80 பைட்: பதிப்பு 4, முந்தைய ஹாஷ் 32, மெர்க்கிள் வேர் 32, நேரம் 4, கடினம் 4, நான்ஸ் (பிளாக் உருவாக்குபவர் மாற்றி மாற்றிப் பார்க்கும் எண்) 4. ஒரு ஹெடர்ஸ் செய்தியில் அதிகபட்சம் 2,000 வரும். ஒவ்வொன்றின் வாலிலும் பரிவர்த்தனை எண்ணிக்கை என்று பயனில்லாத ஒரு பூஜ்ய பைட் ஒட்டிக்கொண்டு வருவதால் 81 ஆகிறது. 9 லட்சம் பிளாக்குக்கு 450 முறை கேட்க வேண்டும், மொத்தம் 72 எம்பிக்குக் கொஞ்சம் மேல். வரிசையாக வரும் ஹெடர்களில் முந்தைய ஹாஷை அனுப்பத் தேவையே இல்லை, பெறுபவரே கணக்கிட்டுக்கொள்ளலாம். உங்கள் நெறிமுறையில் அதை விட்டுவிட்டால் 48 பைட், அதாவது 72 எம்பி 43 ஆகிவிடும். ஆனால் நேரத்தைத் தின்பது பைட் மட்டுமில்லை. முந்தைய பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்க முடியும் என்ற வரிசைக் கட்டாயமும் தின்கிறது. செயலிக்குள்ளேயே சில செக்பாயிண்ட் ஹாஷ்களை (இந்த உயரத்தில் சரியான பிளாக் இது என்ற அடையாளம்) வைத்து அனுப்பினால் துண்டு துண்டாக நான்கு பியர்களிடம் ஒரே நேரத்தில் கேட்கலாம். வாலட் உருவான தேதிக்கு முந்தைய செக்பாயிண்டிலிருந்து தொடங்கினால் பழைய ஹெடர்கள் பெரும்பாலும் வேண்டியதே இல்லை.

ஹெடரைச் சரிபார்ப்பதில் மூன்று இடத்தில் வழுக்கும். முதலாவது, நீளமான செயினைத் தேர்ந்தெடுப்பது. நீளம் கணக்கே இல்லை. கடினத்திலிருந்து வரும் வேலையைக் கூட்டி, அதிக வேலை எந்தப் பக்கமோ அதையே எடுக்க வேண்டும். இரண்டாவது, கடின மாற்றத்தைச் சரிபார்க்காமல் விடுவது. பிட்காயினில் 2,016 பிளாக்குக்கு ஒரு முறை மாறும், ஒரு முறைக்கு நான்கு மடங்குக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. இதை விட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் எளிய கடினத்தில் ஹெடர்களை அடித்துக் குவிக்கலாம். கடினம் 1 என்றால் சராசரியாக 2-இன் 32-ஆம் அடுக்கு ஹாஷ்தான் தேவை. விநாடிக்கு 100 டெராஹாஷ் போடும் ஒற்றை மெஷினுக்கு அது விநாடிக்கு 23,000 ஹெடர். இதே காரணத்துக்காகத்தான் பிட்காயினின் முதன்மை நோட் மென்பொருளான பிட்காயின் கோர் 2022-இல் வந்த 24-ஆம் பதிப்பிலிருந்து ஹெடர்களை இரண்டு சுற்றாக வாங்குகிறது. முதல் சுற்றில் வேலையை மட்டும் கூட்டிப் பார்த்து, வரம்பைத் தாண்டினால்தான் இரண்டாவது சுற்றில் சேமிக்கிறது. போனில் இதைச் சுருக்கமாகச் செய்யலாம்: செயலியோடு குறைந்தபட்ச மொத்த வேலை என்று ஒரு எண்ணை அனுப்புங்கள், அதைத் தொடாத செயினை வட்டில் எழுதாதீர்கள்.

மூன்றாவது நேரம். எதிர்காலத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் போன ஹெடரைத் தள்ள வேண்டும், கடைசி 11 பிளாக்கின் நடு நேரத்துக்கு மேல் இல்லாததையும் தள்ள வேண்டும். போன் சார்ஜ் முழுவதும் இறங்கிப் பழைய தேதியோடு எழுந்தால், நல்ல ஹெடர் எல்லாம் எதிர்காலத்திலிருந்து வருவதாகத் தெரியும். அப்போது பியரைத் தடை செய்துவிடாதீர்கள், போன் கடிகாரம் தப்பு என்று பயனருக்குச் சொல்லுங்கள். பியர்கள் சொல்லும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தும் வேலையும் வேண்டாம், அது தாக்குபவன் கையில் கடிகாரத்தைக் கொடுப்பது.

உங்கள் செயினுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று. ஹெடரில் பொய் சொல்ல முடியாது என்பதற்கு முழு அர்த்தம், பொய் சொல்ல நிறையச் செலவாகும் என்பதுதான். சிறிய செயினில் அந்தச் செலவு இல்லை. 2018 மே மாதம் பிட்காயின் கோல்டும், 2019 ஜனவரியில் எத்திரியம் கிளாசிக்கும் பெரும்பான்மை ஹாஷ் சக்தித் தாக்குதலில் அடிபட்டன. இரண்டும் உங்கள் செயினைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆகவே '6 கன்ஃபர்மேஷன் போதும்' (பரிவர்த்தனை ஏறிய பிளாக்கையும் சேர்த்து 6 பிளாக் வந்தால் உறுதி) என்பதைப் பிட்காயினிலிருந்து அப்படியே தூக்கி வராதீர்கள். பெரிய செயினிலும் லைட் கிளையண்டுக்கு ஆபத்து உண்டு: 2015 ஜூலை 4 அன்று, விதி மாறியதைச் சரிபார்க்காமல் சுரங்கம் தோண்டியவர்களால் (பிளாக் உருவாக்கும் மைனர்களால்) பிட்காயினிலேயே 6 பிளாக் நீளத்துக்குச் செல்லாத கிளை ஒன்று வளர்ந்தது. புதுப்பித்த ஃபுல் நோட்டுகள் அதை ஏற்கவில்லை. ஹெடரை மட்டும் பார்த்த வாலட்டுகள் ஏற்றன. வழக்கத்தைவிட 30 கன்ஃபர்மேஷன் கூடுதலாகக் காத்திருக்கும்படி அன்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

இனி உங்கள் முக்கியக் கேள்வி, ப்ளூம் ஃபில்டர். வேண்டாம். 2012-இல் வந்த பிப் 37-இல் (பிப் என்பது பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு) போன் தன் முகவரிகளை ஒரு ப்ளூம் ஃபில்டரில் போட்டு (அதிகபட்சம் 36,000 பைட், 50 ஹாஷ் சார்பு) நோட்டிடம் கொடுக்கும், பொருந்தும் பரிவர்த்தனையை மட்டும் நோட் திருப்பி அனுப்பும். காசிமேட்டு ஏலத்தில் எந்தக் கூடையை எடுக்கப் போகிறோம் என்று ஏலக்காரரிடமே முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிற்பது மாதிரி. தவறான பொருத்தங்களைக் கலந்து மறைக்கலாம் என்பது கோட்பாடு. நடைமுறையில் வாலட் மறுபடி திறக்கும்போது புதிய ட்வீக்கோடு (ஃபில்டரின் ஹாஷை மாற்றும் எண்) இன்னொரு ஃபில்டர் போகும். இரண்டிலும் பொருந்துவது எது என்று பார்த்தால் தவறான பொருத்தம் எல்லாம் உதிர்ந்து உண்மையான முகவரிகள் மட்டும் மிஞ்சும். நோட் பக்கமும் நஷ்டம்தான். போன் அனுப்புவது சில கேபி, அதற்காக நோட் ஒவ்வொரு பிளாக்கையும் வட்டிலிருந்து எடுத்து அந்த ஒருவருக்காகச் சலிக்க வேண்டும். தாக்குபவனுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. நோட் ஒரு பரிவர்த்தனையை வேண்டுமென்றே விட்டுவிட்டால் போனுக்குத் தெரியவும் தெரியாது. மூன்று கேள்வியில் இரண்டில் தோல்வி. 2019-இல் வந்த கோர் 0.19 பதிப்பு இதை இயல்பாகவே அணைத்து வைத்தது.

மாற்று, பிப் 157-உம் 158-உம். இங்கே திசை திரும்புகிறது. பிளாக்குக்கு ஒரே ஃபில்டர், அதை நோட் ஒரு முறை செய்து வைத்துக் கேட்கும் எல்லோருக்கும் அதையே கொடுக்கும். பொருத்திப் பார்ப்பது போனின் வேலை. பிளாக்கில் வரும் வெளியீட்டு ஸ்கிரிப்டுகளையும் (காசை யார் செலவிடலாம் என்ற நிபந்தனை), அந்தப் பிளாக்கில் செலவான பழைய வெளியீடுகளின் ஸ்கிரிப்டுகளையும் எடுத்து, பிளாக் ஹாஷின் முதல் 16 பைட்டைச் சாவியாக வைத்து சிப்ஹாஷ் என்ற ஹாஷ் போட்டு, வரிசைப்படுத்தி, அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை கோலம்ப்-ரைஸ் என்ற சுருக்கும் முறையில் எழுதுவார்கள். அளவுருக்கள் பி 19 (வித்தியாசத்தில் அப்படியே எழுதும் பிட் எண்ணிக்கை), எம் 7,84,931 (தவறான பொருத்தம் இத்தனையில் ஒன்று). ஒரு உருப்படிக்குச் சுமார் 21 பிட் ஆகும். 7,500 உருப்படி உள்ள பிளாக்குக்குக் கிட்டத்தட்ட 20 கேபி.

இதைப் போன் பக்கமிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 144 பிளாக் என்றால் சுமார் 2.9 எம்பி. தினம் 1.5 ஜிபி ரீசார்ஜில் அது கண்ணுக்கே தெரியாது. வாலட்டில் 500 ஸ்கிரிப்ட் இருந்தால் ஒரு பிளாக் தவறாகப் பொருந்த 1,570-இல் ஒரு வாய்ப்பு, ஆக 11 நாளுக்கு ஒரு தடவை வேண்டாத பிளாக் ஒன்றை இறக்குவீர்கள். அதுவும் பரவாயில்லை. உதைப்பது வேறு இடத்தில்: சீட் வார்த்தைகளை வைத்து வாலட்டை மீட்கும்போது. ஒரு வருடத்துக்கு 52,560 பிளாக், 1 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். அன்றைய டேட்டாவில் பெரும்பகுதி அதோடு காலி. போனும் 39 கோடி உருப்படிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும், கை சுடும். அதனால் சீட் வார்த்தைகளோடு வாலட் பிறந்த தேதியையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள், மீட்பை வைஃபையில் மட்டும் இயல்பாக ஓட விடுங்கள். பொருத்தும்போது 500 ஸ்கிரிப்டையும் தனித்தனியாகத் தேடாமல், அவற்றின் ஹாஷை வரிசைப்படுத்தி ஃபில்டரோடு இணையாக நடத்திப் போனால் ஒரே ஓட்டத்தில் முடியும்.

பொருந்திய பிளாக்கை ஃபில்டர் கொடுத்த பியரிடமே கேட்காதீர்கள். வேறொருவரிடம் முழு பிளாக்காகக் கேளுங்கள். மெர்க்கிள் சான்று மட்டும் கேட்டால் 4,000 பரிவர்த்தனை உள்ள பிளாக்கில் 12 ஹாஷ், 384 பைட்தான் ஆகும் என்று ஆசை வரும். ஆனால் எந்தப் பரிவர்த்தனை உங்களுடையது என்பதை நீங்களே சொன்னதாகிவிடும்.

சரி, ஃபில்டரிலேயே பியர் பொய் சொன்னால்? ஃபில்டர் ஹாஷ்களை ஒன்றோடொன்று கோத்து ஒரு ஃபில்டர் ஹெடர் சங்கிலி இருக்கிறது. 1,000 பிளாக்குக்கு ஒன்று வீதம் செக்பாயிண்ட் வாங்கி, பியர்களிடையே முரண் இருந்தால் அந்த ஆயிரத்துக்குள் போய் முதல் முரண்பட்ட பிளாக்கைக் கண்டுபிடிக்கலாம். அங்கேதான் சிக்கல். அந்தப் பிளாக்கை இறக்கினாலும் ஃபில்டரை முழுவதுமாக உங்களால் திரும்பக் கட்ட முடியாது, ஏனென்றால் செலவான வெளியீடுகளின் ஸ்கிரிப்ட் அந்தப் பிளாக்குக்குள் இல்லை, பழைய பிளாக்குகளில் இருக்கிறது. வெளியீடுகள் எல்லாம் ஃபில்டரில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். உள்ளீடுகளில் கையொப்பத் தரவிலிருந்து ஊகிக்கக் கூடியதை மட்டும் பார்க்கலாம். பிட்காயின் பழைய விதியோடு வாழ வேண்டியதால் இந்த ஓட்டையோடு ஓட்டுகிறது. நீங்கள் புதிதாகக் கட்டுகிறீர்கள், உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஃபில்டர் ஹாஷை ஹெடருக்குள்ளேயே 32 பைட்டாகப் போட்டு, அது தப்பாயிருந்தால் பிளாக்கே செல்லாது என்று விதியாக்குங்கள். ஹெடர் 112 பைட் ஆகும், ஆகட்டும். ஃபில்டரைப் பற்றிய பொய் மொத்தமும் ஒழிந்துவிடும். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுங்கள்.

அதே கையோடு மெர்க்கிள் மரத்தையும் (பரிவர்த்தனை ஹாஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே வேராக்குவது) திருத்துங்கள். பிட்காயினில் இலைக்கும் நடு முடிச்சுக்கும் ஒரே ஹாஷ் முறை. நடு முடிச்சு 64 பைட் என்பதால், சரியாக 64 பைட் வரும்படி ஒரு பரிவர்த்தனையைச் செதுக்கி லைட் கிளையண்டை ஏமாற்ற வழி உண்டு. இலைக்கு 0, முடிச்சுக்கு 1 என்று ஹாஷ் போடும் முன் ஒரு பைட் சேர்த்தால் கதை முடிந்தது. ஒற்றைப்படையாக மிஞ்சும் கடைசி இலையை இரட்டிப்பாக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், 2012-இல் அதனாலும் ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்தது.

ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக் (வேலைக்குப் பதில் காசைப் பணயம் வைப்பது) பக்கம் போகும் எண்ணம் இருந்தால் மேலே சொன்ன ஹெடர் பகுதி பெரும்பாலும் மாறிவிடும். எத்திரியத்தில் 512 பேர் கொண்ட ஒத்திசைவுக் குழு, சுமார் 27 மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும், லைட் கிளையண்ட் அவர்கள் கையொப்பத்தைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டு போகும். தொடங்குவதற்கு நம்பகமான ஒரு செக்பாயிண்ட் வேண்டும். அது தனிக் கதை.

பியர் எண்ணிக்கைக்கு வருவோம். மறைப்பதை முறியடிக்க ஒரே ஒரு நேர்மையான பியர் போதும், அதிக வேலையுள்ள செயினை அது காட்டினாலே மற்றவர்கள் தோற்றுவிடுவார்கள். ஆனால் அந்த ஒருவர் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். எல்லாப் பியரும் ஒரே ஆளின் கையில் இருந்தால் என்னவாகும் என்பதை 2015-இல் ஹெய்ல்மன் குழுவினர் எக்லிப்ஸ் தாக்குதல் என்று பிட்காயினிலேயே காட்டினார்கள். கோர் நோட் இயல்பாக 8 முழு வெளிச்செல்லும் இணைப்பும், பிளாக் மட்டும் பேசும் 2 இணைப்பும் வைக்கிறது. போனுக்கு 4 போதும் என்பது என் கணக்கு. நான்கும் வெவ்வேறு 16-பிட் முகவரிக் குழுவிலிருந்து (ஐபி முகவரியின் முதல் 16 பிட் வேறாக இருப்பது) வரட்டும், ஒன்றைச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், போன முறை நன்றாகப் பதில் சொன்ன இரண்டை வட்டில் சேமித்து அடுத்த முறை முதலில் கூப்பிடுங்கள். இருபது பியர் வைப்பது பாதுகாப்பு என்று தோன்றும். ஃபுல் நோட்டின் உள்வரும் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை, கோரில் மொத்தமே 125 இணைப்புதான் இயல்பு. போன்கள் அதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வலைக்கே பாரம்.

போன் எப்போதும் கேட்கும் பக்கம்தான். சிம் நெட்வொர்க்கில் ஐபிவி4 முகவரி ஒன்றின் பின்னால் சிஜிநாட்டில் (ஒரே முகவரியைப் பலருக்குப் பகிரும் முறை) நிறையப் போன்கள் இருக்கும், வெளியிலிருந்து யாரும் உங்களைக் கூப்பிட முடியாது. ஆகவே போன் தன் முகவரியை விளம்பரப்படுத்தக் கூடாது. நோட் எழுதுபவர் கவனிக்க வேண்டியது இதன் மறுபக்கம்: தப்பான செய்தி அனுப்பியதற்காக ஒரு ஐபியை 24 மணி நேரம் தடை செய்தால், அதே முகவரியைப் பகிரும் கொருக்குப்பேட்டைப் போன்கள் எல்லாம் சேர்ந்து தடையாகும். இணைப்பை அறுங்கள், முகவரியைத் தடை செய்யாதீர்கள். இணைப்புக்கு இத்தனை எம்பி என்று டோக்கன் முறையில் அளந்து கொடுத்தால் போதும்.

நுனி (செயினின் கடைசிப் பிளாக்) தேங்கிவிட்டதா என்று பார்ப்பதற்குக் கணக்கு உண்டு. 10 நிமிட இடைவெளிச் செயினில், ஒரு பிளாக்குக்கும் அடுத்ததற்கும் 60 நிமிடத்துக்கு மேல் ஆக வாய்ப்பு 0.25 சதவீதம். கேட்கச் சின்னதாக இருந்தாலும் நாளைக்கு 144 பிளாக் என்பதால் மூன்று நாளுக்கு ஒரு தடவை தானாகவே நடக்கும். 90 நிமிடம் என்றால் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அதனால் 30 நிமிடம் புதுப் பிளாக் இல்லையென்றால் சத்தமில்லாமல் ஐந்தாவது பியர் ஒன்றைக் கூப்பிட்டு ஒப்பிடுங்கள், 90 ஆனால் பயனருக்கு எச்சரிக்கை காட்டுங்கள்.

இப்போது மெட்ரோ. வண்ணாரப்பேட்டையில் ரயில் தரைக்கு அடியில், திருவொற்றியூரில் மேலே. நடுவில் சிக்னல் போய்த் திரும்பும்போது போனின் முகவரியே மாறியிருக்கலாம். பழைய டிசிபி இணைப்பு செத்துவிட்டது, ஆனால் உங்கள் சாக்கெட்டுக்கு அது தெரியாது, சும்மா காத்துக்கொண்டிருக்கும். கோர் 2 நிமிடத்துக்கு ஒரு பிங் அனுப்பி 20 நிமிடம் வரை பொறுக்கும், வீட்டு நோட்டுக்கு அது சரி. போனில் ஒரு கேள்வி அனுப்பி 15 விநாடியில் ஒரு பைட்டும் வரவில்லையென்றால் அறுத்துவிட்டு வேறு பியருக்குப் போங்கள். ஆண்ட்ராய்டு 'நெட்வொர்க் மாறியது' என்று சொன்ன உடனே எல்லாச் சாக்கெட்டையும் மூடுங்கள்.

முதலிலிருந்து தொடங்குவது ஏன் என்றால், முழுச் சிங்க்கும் முடிந்த பிறகுதான் வட்டில் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஹெடர் கட்டையும் சரிபார்த்ததும் எழுதுங்கள், ஒவ்வொரு ஃபில்டரையும் பார்த்ததும் 'இதுவரை பார்த்தாயிற்று' என்ற உயரத்தை எழுதுங்கள். ஹெடருக்கு எஸ்க்யூலைட் தரவுத்தளம் வேண்டாம், ஒரே நீளம் உள்ள தட்டையான கோப்பு போதும், உயரத்தை ஹெடர் நீளத்தால் பெருக்கினால் இடம் கிடைக்கும். ஃபில்டரை பிப் 157 ஒரு கேள்விக்கு 1,000 வரை அனுமதிக்கிறது, அது 20 எம்பி. ஓடும் ரயிலில் 100 வீதம் கேளுங்கள். பின்னணியில் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கவும் முயலாதீர்கள், ஆண்ட்ராய்டு தூங்கப் போட்டுவிடும். ஒர்க்மேனேஜரின் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். எழு, நுனியைக் கேள், ஃபில்டரை வாங்கு, மூடு என்ற ஓட்டத்துக்கே நெறிமுறையை வடிவமையுங்கள். யூடிபி மேல் ஓடும் குவிக் நெறிமுறையை வைத்தால் முகவரி மாறினாலும் இணைப்பு பிழைக்குமே என்று கேட்பீர்கள். பிழைக்கும், ஆனால் யூடிபியை அடைத்து வைத்திருக்கும் வைஃபைகள் உண்டு, டிசிபி வழியும் கூடவே எழுத வேண்டிவரும். விரைவாக மீளத் தெரிந்த டிசிபியே போதும்.

செய்திச் சட்டகத்தில் பிட்காயினைப் பார்த்து எழுதும்போது மூன்றை மாற்றுங்கள். அதன் தலைப்பு 24 பைட்: மேஜிக் 4, கட்டளைப் பெயர் 12, நீளம் 4, செக்சம் 4. 12 பைட் பெயருக்குப் பதில் 1 பைட் எண் போதும். கேள்வி எண் என்று 4 பைட் சேருங்கள், பிட்காயினில் அது இல்லாததால் எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் தரவு, இல்லை, இப்போது முடியாது என்ற மூன்றில் ஒரு பதில் கட்டாயம் என்று எழுதுங்கள். மௌனம் பதிலாக இருந்தால், மறைக்கிறவனையும் நெட்வொர்க் போனவனையும் பிரிக்கவே முடியாது. நீளத்தை வகைவாரியாக வரம்பு பார்த்த பிறகே நினைவகம் ஒதுக்குங்கள். 4 ஜிபி வருகிறது என்று ஒரு பியர் சொன்னதை நம்பி ஒதுக்கினால் செயலி அங்கேயே விழும். மறைகுறியாக்கத்துக்கு பிப் 324-ஐப் படியுங்கள், கோர் 27-ஆம் பதிப்பிலிருந்து அதுதான் இயல்பு.

பியர் அனுப்பும் எந்த எழுத்தையும் திரையில் காட்டாதீர்கள், பிழைச் செய்தியாக இருந்தாலும். 2018 டிசம்பரில் எலக்ட்ரம் வாலட்டில், தீய சர்வர்கள் அனுப்பிய பிழைச் செய்தி 'புதிய பதிப்பை இறக்குங்கள்' என்ற இணைப்போடு அப்படியே திரையில் தெரிந்தது. நம்பி இறக்கியவர்களின் காசு போயிற்று. பிழைக்கு எண் மட்டும் வரட்டும், வாசகம் செயலிக்குள் இருக்கட்டும்.

சோதிக்கும்போது நல்ல பியரோடு மட்டும் ஓட்டிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். கெட்ட பியர் நான்கு எழுதுங்கள்: ஒன்று கடைசி 3 பிளாக்கை மறைக்கட்டும், ஒன்று ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை உருவிவிடட்டும், ஒன்று விநாடிக்கு ஒரு பைட் வீதம் சொட்டட்டும், ஒன்று 4 ஜிபி நீளம் சொல்லட்டும். நெட்வொர்க் கோளாறைப் போலச் செய்து காட்டும் லினக்ஸின் நெட்எம் வைத்து 150 மில்லிவிநாடி தாமதமும் 2 சதவீத இழப்பும் சேர்த்து, மூன்று கெட்டது ஒரு நல்லது என்ற கலவையில் சரியான நுனிக்கு வந்து சேர்கிறதா பாருங்கள். 100 பிளாக் வரை பின்வாங்கி வேறு கிளைக்கு மாறும் ரீஆர்க்கையும் ஒரு தடவை ஓட்டுங்கள், அதில் இருப்புத் தொகை தப்பினால் 'இதுவரை பார்த்தாயிற்று' உயரத்தைப் பின்னுக்கு நகர்த்த மறந்திருப்பீர்கள். இவையெல்லாம் தேறிய பிறகு விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல் வரை மெட்ரோவில் போனோடு ஒரு நடை போய் வாருங்கள்.